ஒரே அளவுள்ள கோப்புகள்

எச்சில் வாடை என்று ஒன்று இருக்கிறது. கையில் பிடித்துப் பேசுகிற வயர்லெஸ் செட்டின் மைக்குத் துளைகளில் அது வருஷக்கணக்காகத் தங்கி, வெற்றிலையும் பீடியும் பல்பொடியும் சேர்ந்து புளித்துப்போயிருக்கும். கோவில்பட்டியில் டிவி, டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்த எனக்குப் பாதி நாள் அந்த வாடையோடுதான் கழியும். திருகாணியைக் கழற்றுமுன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் செட்டை மூன்று தடவை துடைப்பேன். கொண்டுவந்தவர் எதிரே நின்றாலும் துடைப்பேன். அவர் முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

எனக்குப் பிறவியிலேயே அருவருப்பு ஜாஸ்தி. மழை பெய்தால் கரிசல் மண் செருப்போடு ஏறி வாசலில் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டாமல் எனக்குச் சோறு இறங்காது. டீக்கடைத் தம்ளரின் விளிம்பை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். இதையெல்லாம் அந்தக் காலத்தில் ஒரு தகுதியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தக்காரன் என்று ஊரில் சொன்னார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பரீட்சை எழுதி ஹாம் உரிமம் வாங்கியிருந்தேன். பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களுக்கு ஹாம் என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் ஏழு பேர் இருந்தோம்; பேசும்போது சொல்ல ஆளுக்கொரு குறிப்பெழுத்து உண்டு. புதுச் செட்டு வாங்க வக்கில்லாததால் கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய செட்டுகளை வாங்கி வைத்திருந்தோம். அந்தச் செட்டில் திரை கிடையாது, எண் பொத்தான் கிடையாது. மேலே ஒரு திருகு, அதில் பதினாறு இடம். எந்த இடத்தில் எந்த அலைவரிசை என்பதைக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாக எழுதி, ஒயர் வழியாகச் செட்டுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றியபிறகு வெளியிலிருந்து யாரும் எதையும் மாற்ற முடியாது. அந்த ஒயரும் அதற்கான புரோகிராமும் சுற்றுவட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு, எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் இருந்த ஒரு நூல் மில்லும் தன் காவல் ஆட்களுக்கு அதே மாதிரிச் செட்டுகள் வாங்கியது. மில்லுக்கென்று உரிமம் பெற்ற தனி அலைவரிசை உண்டு. அதை ஏற்றிக் கொடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது.

ஆக, எல்லோருடைய செட்டுக்குமான கோப்புகள் என் கம்ப்யூட்டரில்தான் கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதப்போது அவசரத்துக்கு வாயில் வந்த பெயரை வைத்துச் சேமித்திருந்தேன். நியூ, நியூ2, ஃபைனல், ஃபைனல் கரெக்ட், ஏஏஏ. எது யாருடையது என்று எனக்கே தெரியாது. ஃபிளாப்பிகளில் வேறு பாதி. ஒருநாள் ஒரு ஃபிளாப்பியின் தகரக் கதவை விலக்கிப் பார்த்தேன். உள்ளே வட்டத்தகட்டின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஊசிப்போன சோற்றில் பூக்குமே, அதே பூஞ்சணம். குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இந்த வாரமே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி சிடியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரத்தில்தான் அண்ணாச்சியின் செட்டு வந்தது.

அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. எப்போதும்வென்றானில் பஸ் நிற்கிற இடத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். அவர் மனைவி தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். என்னைவிட அண்ணாச்சிக்குப் பத்து வயது கூட இருக்கும். உரிமத்துக்கான பரீட்சையை, சொல்லச் சொல்ல எழுதுகிறவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஒரே தடவையில் முடித்தவர். தந்தியடிக்கிற சத்தத்தைக் கேட்டு எழுத்து எழுத்தாகச் சொல்வதில் எங்கள் ஏழு பேரில் அவர் பக்கத்தில் போக ஆள் கிடையாது. நானோ அதே பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டவன். திரையில்லாத அந்தச் செட்டு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. “இந்தச் செட்டுக்கு முன்னால நீயும் நானும் ஒண்ணுதான் தம்பி” என்பார். திருகை ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போவார். டிக், டிக் என்று விரலுக்குத் தெரியும்.

தினமும் காலை ஆறரைக்கு நாங்கள் எல்லோரும் மலைமேல் இருந்து எங்கள் சத்தத்தை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகக் கூடுவோம். வருகைப்பதிவு எடுப்பவர் அண்ணாச்சி. அது முடிந்ததும் அவரும் நானும் நான்காவது இடத்துக்குப் போய்விடுவோம். அது எங்கள் இருவருக்குமாக வைத்துக்கொண்ட நேரடி அலைவரிசை. வீட்டு மாடியில் ஆன்டெனாவை உயரக் கட்டியிருந்ததால் கரகரப்போடு கேட்கும். பத்து நிமிஷம் பேசுவோம். மழை உண்டா, மிளகாய் என்ன விலை, பூத்துக்கு நேற்று யார் வந்து யாரோடு சண்டை போட்டார்கள், இப்படி. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் அன்றைக்குப் பல் விளக்காத மாதிரி இருக்கும்.

அவருடைய செட்டில் நினைவுச் சில்லு செத்துப்போயிருந்தது. பஸ் கண்டக்டரிடம் மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். பையில் எண்ணெய்ப் பிசுக்கு, புகையிலை வாடை, மடிப்பில் காய்ந்த சோற்றுப் பருக்கை. இரண்டு விரலால் செட்டை மட்டும் எடுத்தேன். மீதி என்ன இருக்கிறது என்று பார்க்காமல், பையைத் தலைகீழாக உதறிவிட்டுப் பையைத் துவைக்கப் போட்டேன். உதிர்ந்தவை மேஜையின் ஓரத்தில் கிடந்த அட்டைகளோடு அட்டையாய்ப் போயின.

எங்கள் ஊரில் எழுதுவதற்குக் காகிதம் தேட மாட்டோம். தீப்பெட்டி ஆபீசில் கழிக்கிற அட்டைத் துண்டுகள் வீட்டுக்கு வீடு இருக்கும். பால் கணக்கு, பிள்ளைகள் படம் வரைவது, பஸ்ஸில் விசிறிக்கொள்வது எல்லாம் அதில்தான். என் மேஜையிலும் ஒரு கட்டுக் கிடக்கும்.

ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள். திரையில் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. ஒரு பைட் கூடவோ குறையவோ இல்லை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளாக ஒன்றையே நாற்பது தடவை நகலெடுத்து வைத்திருக்கிறேனே, என்ன பிறவி நான் என்று என்னையே வைதேன். ஆளுக்கு ஒரு கோப்பு எழுதியிருந்தேன் என்பது அந்த எரிச்சலில் ஞாபகத்துக்கே வரவில்லை. கடைசியாகச் சேமித்ததை வைத்துக்கொண்டு, மீதியை அழித்தேன். ஃபிளாப்பிகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். கருகிய பிளாஸ்டிக் நாற்றம் அடுத்த வீட்டுக்குப் போய், அந்தம்மாள் வந்து கத்திவிட்டுப் போனார்.

அந்தச் செட்டின் கோப்பு எப்போதுமே ஒரே அளவில்தான் இருக்கும். பதினாறு இடத்துக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கி வைத்துவிடும். நிரப்பினாலும் அதே அளவு, நிரப்பாவிட்டாலும் அதே அளவு. புரோகிராமைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. குப்பையைக் கிளறிப் பார்ப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

மிஞ்சிய கோப்புக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர் வைத்தேன். மூன்று சிடி எழுதினேன். சிடி வைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, ஒவ்வொரு சிடிக்கும் பின்னால் நிற்கிறமாதிரி அட்டையை அளவாக வெட்டித் தலைப்பு எழுதி வைத்தேன். டிவி சர்க்யூட் படங்களுக்கும், கடை விவரங்களுக்கும்கூட வெட்டினேன். கட்டின் மேலே இருந்த இரண்டு அட்டைகள் மற்றதைவிடப் பெரிசாக, வாகாக இருந்தன. சொரசொரவென்று பொரிந்திருந்ததால் பால்பாயிண்ட் பேனா அதில் விட்டுவிட்டு எழுதியது. அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரனை மனதுக்குள் திட்டிக்கொண்டே அழுத்தி எழுதினேன்.

பிறகு அண்ணாச்சியின் செட்டில் புதுச் சில்லு வைத்து, மாஸ்டரை ஏற்றினேன். திரையில் எண்கள் வந்தன. எண்களை நான் படிக்கவில்லை. எவ்வளவு சுத்தமாக வேலை முடிந்தது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்துக் காயவைத்த பையில் செட்டைப் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை வருகைப்பதிவுக்கு அண்ணாச்சி வரவில்லை. நான்காவது இடத்திலும் இல்லை. பஸ்ஸில் அனுப்பிய பை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் மில்லின் காவல் அதிகாரி போன் செய்தார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அவர்கள் அலைவரிசையில் ஒரு வெளியாள் நுழைந்து, என்னென்னவோ குறிப்பெழுத்துகளைச் சொல்லி, கால் மணி நேரம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். கேட் காவலாளி பதில் சொன்னதும், நீங்கள் புதுசா, எந்த ஊர், என் குரல் எப்படிக் கேட்கிறது என்று விசாரித்தானாம். ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். பூத் வைத்திருக்கிற கண் தெரியாத ஆள். பூத்தில் ஜனம் நிற்கும்போதே செட்டைப் பிடுங்கி வந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கு எழுதி, அந்த ஆளின் உரிமத்தை ரத்துசெய்ய வைக்கப்போவதாகச் சொன்னார். அப்புறம் கேட்டார், அந்த ஆளும் உங்களிடம்தானே செட்டைக் கொடுப்பார், எங்கள் அலைவரிசை அவருக்கு எப்படிப் போயிற்று என்று.

மாஸ்டர் யாருடைய கோப்பு என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. கடைசியாகச் சேமித்தது மில்லின் கோப்பு; அதில் பதினாறு இடத்திலும் அவர்கள் அலைவரிசைதான். அண்ணாச்சி வருகைப்பதிவுக்கு ஆள் கிடைக்காமல், நான்கு டிக் எண்ணி, கால் மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என்னை.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மில் வேலை போகுமே என்றும் தோன்றியது, தொழில் தெரிந்த கைகாரன் என்று வாங்கியிருந்த பேர் போகுமே என்றும் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னது இதுதான்.

“அவருக்குக் கண்ணு தெரியாதுல்லா சார். எதையாச்சும் போட்டுத் திருகியிருப்பாரு.”

வாய் கூசாமல் சொன்னேன். எத்தனை திருகினாலும் அந்தச் செட்டில் ஒரு அலைவரிசையும் மாறாது என்று அந்த ஜில்லாவிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். அதிகாரி உடனே நம்பிவிட்டார். அவர் அப்படிச் சட்டென்று நம்பியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து மூன்று சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் மாஸ்டர். அண்ணாச்சியின் பழைய கோப்பு எங்குமே இல்லை. செட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறிப் போக முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர்தான் வந்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மில்லுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். செட்டில் தன்னுடைய அலைவரிசைகள்தான் இருந்தன என்பதற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் அரசாங்கத்துக்கு எழுதாமல் விடுவார்களாம்.

“நீ ஏத்துனதுல என்னமோ மாறிப்போச்சு. அது எனக்குத் தெரியும்” என்றார். “மனுசன் தப்புப் பண்ணுதது சகசம். ஒங்கிட்ட பழைய கோப்பு இருக்கும்லா, அதைப் போட்டுக் காட்டு.”

இல்லை என்றேன். ஒழுங்குபடுத்தினதில் போய்விட்டது என்றேன்.

அவர், போனால் போகிறது, பையில் செட்டோடு வைத்திருந்த அட்டையைக் கொடு என்றார். நீ முதல்முதலில் ஏற்றிக்கொடுத்த அன்றைக்கே பதினாறையும் தடவிப் படிக்கிற பிரெயில் புள்ளிகளாகக் குத்தி வைத்திருந்தேன், செட்டு எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும், திரும்பி வந்த பையில் அது இல்லை என்றார். மனசுக்குள்ளும் பதினாறும் இருக்கிறதுதான், ஆனால் மனசில் இருக்கிறதை மில்காரன் அத்தாட்சி என்று ஒப்புக்கொள்வானா என்று கேட்டார். பிரெயிலுக்குக் கனமான அட்டை வேண்டும் என்பதால் தீப்பெட்டி ஆபீசிலிருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று அவர் மனைவி சொன்னார். பெரிய அட்டை, இரண்டு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும், “அட்டை ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி” என்று வாய் சொல்லிவிட்டது. உண்மை தெரிந்தபிறகும் பொய் தானாக வருகிற வாய் அது.

அவருடைய கை மேஜைமேல் இருந்தது. பேச்சு நின்றால் கைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். பிளாஸ்டிக் பெட்டியில் கை பட்டது. மூடி திறந்திருந்தது. முதல் அட்டையின்மேல் விரல் ஓடி நின்றது. பிறகு மெதுவாகத் திரும்ப வந்தது. அட்டையை உருவி எடுத்தார்.

“நூத்தி நாப்பத்தஞ்சு” என்று வாசித்தார். அதற்குமேல் அட்டை இல்லை. அடுத்ததை உருவினார். அதில் ஒரு எண்ணின் பின்பாதி. ஒவ்வொன்றாக உருவி, தடவி, மேஜைமேல் வரிசையாக வைத்தார். வெட்டின விளிம்புகளைக் கட்டை விரலால் நீவிப் பார்த்தார். எட்டுத் துண்டுகள் இருந்தன. மிஞ்சிய ஓரங்களை நான் குப்பையில் போட்டிருந்தேன். அவர் மனைவி துண்டுகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி ஒரு துண்டை என் பக்கமாக நீட்டினார்.

“என் எழுத்துக்கு மேல நீ பேனாவால என்னமோ அழுத்தி எழுதிருக்க. என்னன்னு வாசி தம்பி.”

வாசித்தேன். “பேக்கப்” என்று எழுதியிருந்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து, இனி மில்லுக்கு நீதான் வர வேண்டும் என்றார். அத்தாட்சி என்று இருப்பது இப்போது நீ ஒருத்தன்தான் என்றார். கடையை அடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே கூடப் போனேன். நடந்தது கைத்தவறு என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார். தன் பூத்தில் யார் வந்தாலும் அவர்கள் தவறான எண் போட்டால் வையாமல் மறுபடி போட்டுக் கொடுப்பாரே, அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

மில் காவல் அறையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மில் கோப்பைத் தவறுதலாக ஏற்றியது நான், இவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, திருகுவதால் எதுவும் மாறாது என்று எழுதியும் கொடுத்தேன். அதிகாரி காகிதத்தைப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் என்மேல் அருவருப்பு வந்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது.

“போன்ல வேற மாதிரில்லா சொன்னீரு” என்றார். “கண்ணு தெரியாத ஆளு, எதையாச்சும் திருகியிருப்பாருன்னு.”

அண்ணாச்சியின் முகம் என் பக்கம் திரும்பவில்லை. கையில் வைத்திருந்த அட்டைத் துண்டுகளை அடுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதிகாரி அவரிடம் மன்னிப்புக் கேட்டுச் செட்டைக் கொடுத்தார், இனி செட்டு வேலைக்கு நீங்கள் வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். வெளியே வந்து நான் என்னென்னவோ சொன்னேன். அவர் மனைவி, பஸ் வருது, ஏறுங்க என்று அவரிடம் சொன்னார்.

மறுநாள் நான் கடை திறக்குமுன்பே அவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒயரும் புரோகிராமும் வேறு யாரிடமும் இல்லை, அதனால் வந்தார்கள். அவர் செட்டை மேஜைமேல் வைத்தார். புதுசாக ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். மனசிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன், அடித்ததைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நேற்றுவரை அப்படிக் கேட்டவரில்லை. ஒன்று, மலை ரிப்பீட்டர். இரண்டு, கழுகுமலை நண்பரின் அலைவரிசை. மூன்றாவதையும் புள்ளி தவறாமல் சொன்னார்.

நாலு என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும் என்பதால் நூற்று நாற்பத்தைந்து என்று அடிக்க ஆரம்பித்திருந்தேன். விசைச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

“நாலு காலியா இருக்கட்டும்” என்றார்.

அடித்ததை அழித்தேன். ஐந்து முதல் பதினாறு வரை சொல்லி முடித்தார். ஏற்றிக் கொடுத்தேன். அந்தக் கோப்பை ஒரு ஃபிளாப்பியில் கேட்டார். கொடுத்ததும் அவரே பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை காலை வருகைப்பதிவில் என் பெயர் வந்தால், குரல் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அன்றைக்கு அவர்கள் படியிறங்கிப் போனபிறகு, சேமித்த கோப்பைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பைட்கூடக் குறையவில்லை, அதே அளவுதான் காட்டியது.